அஜ்மான் எந்த லிமிட்?

போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்து காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் முதல் எச்சரிக்கை இது. நம் தருமபுரி ஜனங்கள் ஆபத்துக்குக்கூட மிஸ்டு கால்தான் கொடுப்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாட்டுக் கொட்டகையில் பாம்பு புகுந்திருக்கும். பங்காளிகள் வரப்புத் தகராறில் கடப்பாரையோடு நிற்பார்கள். அந்த நேரத்திலும் நூறு போட்டு, ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவார்கள். நாம் திருப்பிக் கூப்பிட்டால், ஏன் இவ்வளவு நேரம் என்று நம்மையே அதட்டுவார்கள். கம்பைநல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவரிடம், நூறுக்குக் காசு போகாதும்மா, தைரியமாகப் பேசுங்கள் என்று ஒருமுறை சொன்னேன்.

"காசு போவாதுன்னு தெரியுமுங்க. நான் கூப்பிட்டா நீங்க எடுக்கறீங்க, அவ்வளவுதான். நீங்களா கூப்பிட்டாத்தான் வருவீங்கன்னு தைரியமா இருக்குது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே எந்த மிஸ்டு காலையும் விடாதீர்கள். சின்னப் பிள்ளை விளையாடியிருக்கும், சட்டைப் பையில் அழுந்தியிருக்கும் என்று நினைத்தாலும் திருப்பிக் கூப்பிடுங்கள். என் வேலைக் காலம் முழுக்க இந்த விதியை நான் மீறியதில்லை. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் பெரிய முன்கோபி. பெயரை எழுதினால் இன்றைக்கும் வீடு தேடி சண்டைக்கு வருவார், அதனால் எழுதவில்லை. முதல் நாளே, போன் வந்தால் எதை முதலில் கேட்பாய் என்றார். பெயரை என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். எங்கே என்று கேள், பெயரைச் செத்த பிறகும் தெரிந்துகொள்ளலாம் என்றார். கொஞ்சம் முரட்டுத்தனமான வாக்கியம்தான். ஆனால் அதை நம்பித்தான் நான் பிழைப்பு நடத்தினேன். அந்த வாக்கியமே என்னைக் கைவிட்ட ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பொது அறிவு. உலகத்தில் நாட்டுக்கு ஒரு கொடி இருப்பதுபோல நாட்டுக்கு ஒரு அவசர எண்ணும் இருக்கிறது. அமெரிக்காவில் 911. நம் பிள்ளைகள் சினிமா பார்த்துவிட்டு இங்கேயும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 999. ஐரோப்பாவில் 112, அதையேதான் நாமும் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. ஆஸ்திரேலியாவில் மூன்று சைபர். நான் படித்த காலத்தில் அதைக் கணக்குப் பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன். வளைகுடாப் பக்கம் போனால் கூத்து இன்னும் பெரிது, அதற்குப் பிறகு வருகிறேன். இந்த எண்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் உண்டு. ஒன்றும் வேலி தாண்டாது. இங்கிலாந்து 999-ஐ இங்கிலாந்தில் நின்றுகொண்டுதான் அடிக்க வேண்டும். பாலக்கோட்டில் இருந்து அடித்தால், எண்ணைச் சரிபார்க்கவும் என்று ஒரு அம்மா சொல்வாள்.

இனி அந்த நாள். ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்கால டீ வந்து மேசையில் வைத்த நேரம். ஒரு அழைப்பு எங்கெங்கோ சுற்றிக்கொண்டு என் காதுக்கு வந்தது. எதிரில் ஒரு ஆண் குரல், பதற்றமே இல்லாமல் பேசியது. காரிமங்கலத்தில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கும் இக்பால் பாய் அவர்.

"அதாவதுங்க மேடம், எங்க வூட்டுக்காரம்மாவுக்கு ஒரு தம்பி இருக்கானுங்க. அம்மா அப்பா போனதுக்கப்புறம் இவங்கதான் அவனை வளர்த்தாங்க..."

எங்கே இருந்து பேசுகிறீர்கள், என்ன நடந்தது என்று குறுக்கே கேட்டேன். சொல்கிறேன் மேடம் என்றவர், அதாவதுங்க மேடம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சிலர் இப்படித்தான். பதறினால் சிலருக்கு நாக்கு வேகமாகும், சிலருக்குப் பஞ்சு அடிப்பதுபோல நிதானமாகிவிடும். இந்த இரண்டாவது ரகத்தை அதட்டினால் அவர்கள் கல்யாணக் கதைக்கே போய்விடுவார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, இப்போது உங்கள் கண் முன்னால் என்ன தெரிகிறது, அதை மட்டும் சொல்லுங்கள் பாய் என்றேன்.

"ஃபேனுங்க மேடம்."

"ஃபேனா?"

"ஆமாங்க, செல்லுல. அஜ்மான் ஃபேனு, சுத்திக்கிட்டே இருக்குது."

பிறகு விஷயம் துண்டு துண்டாக வந்தது. பாயின் மச்சினன் ஜாபர், அஜ்மானில் வெல்டர். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அக்கா மும்தாஜோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். காலையிலிருந்தே நெஞ்சு பிடிக்கிறது, வாயுதான், சோடா குடித்தேன் என்று சிரித்திருக்கிறான். பேச்சின் நடுவில் முகம் கோணி, கை நெஞ்சுக்குப் போய், செல் கீழே விழுந்துவிட்டது. இணைப்பு மட்டும் அறுபடவில்லை. அங்கே செல் மல்லாந்து கிடக்கிறது, அதனால் இங்கே தெரிவது மேலே சுற்றும் மின்விசிறி மட்டும். கூட தங்கியிருப்பவர்கள் எல்லோரும் ஓட்டல் வேலைக்காரர்கள், வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்துதான் அறைக்கு வருவார்கள். அவர்களுடைய எண்கள் ஜாபரின் செல்லில் இருக்கின்றன. அந்தச் செல் ஜாபரின் பக்கத்தில் கிடக்கிறது.

மும்தாஜ் அந்த அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. துண்டித்தால் மறுபடி எடுக்க அங்கே ஆள் இல்லை என்பது அவளுக்கு உடனே புரிந்திருக்கிறது. செல்லை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சார்ஜர் வயரைக்கூட வேறு யாரையும் செருக விடவில்லை, கை பட்டுக் கட் ஆகிவிடும் என்ற பயம். பாய் இன்னொரு செல்லில் நெட்டில் தேடி, அந்த நாட்டு ஆம்புலன்ஸ் எண் 998 என்று கண்டுபிடித்து அடித்திருக்கிறார். போகவில்லை. முன்னால் 971 சேர்த்து அடித்திருக்கிறார். அதுவும் போகவில்லை. வேலி தாண்டாது என்றேன் இல்லையா, அதுதான். கடைசியில் தெரிந்த ஒரே எண்ணை அடித்திருக்கிறார், நூறு.

என் குருநாதர் சொன்னபடி எங்கே என்று கேட்டேன். அஜ்மான் என்றார். அஜ்மானில் எங்கே என்றேன். ரூமில் என்றார். எந்தத் தெரு, எந்தக் கட்டிடம் என்றதற்கு, தெரியாது என்றார். யாரைக் குறை சொல்வது? வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலாவது போய்க் கேட்டுப் பாருங்கள். சம்பளம் தெரியும், முதலாளியின் குணம் தெரியும், நேற்று என்ன குழம்பு வைத்தான் என்பது தெரியும். விலாசம் தெரியாது. கடிதம் போட்ட காலத்தில் தெரிந்தது. வீடியோவில் முகம் வந்த பிறகு விலாசம் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். நல்ல மனிதர், ஆனால் எந்த விஷயமானாலும் அவருக்கு எல்லைக் கணக்கு முதலில் தீர வேண்டும். எந்த ஸ்டேஷன் லிமிட் என்று கேட்டார். அஜ்மான் சார் என்றேன்.

"அது பென்னாகரமா, பாலக்கோடா?"

அவர் நிஜமாகத்தான் கேட்டார். துபாய் பக்கம் சார் என்றேன். முறைப்படி செய்தால் மேலே எழுதி, அங்கிருந்து அதற்கு மேலே போய், தூதரகம் வழியாகச் செய்தி போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும். அது போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர் என் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, மேலே சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று அடுத்த போனை எடுத்தார். என் டீ போனதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

ஜாபருக்கு மூச்சு இருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லுங்கள், அக்காவைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள் என்று பாயிடம் சொன்னேன். அந்த வீட்டில் அக்கம்பக்கமெல்லாம் கூடி அழுதுகொண்டிருந்தது எனக்கே கேட்டது. பாய் தன் நிதானக் குரலில் ஏதோ சொல்ல, சத்தம் அடங்கியது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். எதற்கு அடக்கினேனோ தெரியாது, அஜ்மான் சத்தம் எனக்கா கேட்கப் போகிறது? பாய் வந்து, ஃபேன் சத்தம்தான் கேட்குது மேடம் என்றார். இன்னும் கேட்கச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, முனகுகிறான், முனகுகிறான் என்று மும்தாஜ் சொல்வது போனில் எனக்கே கேட்டது.

உயிர் இருக்கிறது. கதவு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. எங்கே என்ற கேள்வி பலிக்காதபோது வேறு கேள்வி வேண்டும். இதை நீங்கள் மறக்காதீர்கள். விலாசம் தெரியாத வீட்டுக்கும் யாரோ ஒருவன் படியேறிப் போயிருப்பான். அவனைப் பிடிக்க வேண்டும்.

என் மைத்துனர் பஹ்ரைனில் இருந்தவர். அவர் லீவு முடிந்து கிளம்பினால் வீடு பார்சல் ஆபீஸ் ஆகிவிடும். தெரிந்தவன், தெரியாதவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் எல்லோரும் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பொட்டலத்தோடு வருவார்கள். அவருடைய சட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஊரான் வீட்டு முறுக்கை உள்ளே வைப்போம். அது ஞாபகம் வந்தது. பாய், கடைசியாக உங்கள் மச்சினனுக்குப் பொட்டலம் கொண்டுபோனது யார் என்று கேட்டேன்.

பாய்க்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேகமாக வந்தது. நல்லம்பள்ளி குமரேசன். அவன் பெண்டாட்டி செல்வி இவர் கடையில் மெத்தை வாங்க வந்தபோது, புருஷன் அஜ்மான் கிளம்புகிறார் என்று சொல்லியிருக்கிறாள். இவர்கள் உடனே நெய் டப்பாவும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். குமரேசனின் ரூம் ஜாபரின் ரூமுக்கு அடுத்த தெரு. அவனுடைய அஜ்மான் எண் பாயிடம் இல்லை, செல்வியின் எண்தான் இருந்தது.

அப்படியானால் செல்விக்குப் போன் போடாமல் எனக்கு ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். பாய் இழுத்தார். நெய் டப்பா போய்ச் சேர்ந்தபோது பாதிதான் இருந்ததாம். மும்தாஜ் செல்வியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து செல்வி இவர்கள் அழைப்பை எடுப்பதில்லை. இன்றைக்கும் அடித்துப் பார்த்திருக்கிறார்கள், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. ஒரு உயிர் அரை டப்பா நெய்யில் மாட்டிக்கொண்டிருந்தது.

எண்ணை வாங்கி நானே அடித்தேன். செல்வி எடுத்தாள். போலீஸ் கட்டுப்பாட்டு அறை என்றதும் அவள் குரல் சுருங்கியது. உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே பேச வேண்டும், இதே போனில் என்னை வைத்துக்கொண்டு வேறு போனில் அவரைப் பிடியுங்கள் என்றேன். மாமியாருடைய செல்லில் எனக்கு ஒரு அழைப்பு, தன் செல்லில் புருஷனுக்கு ஒரு அழைப்பு என்று ஏற்பாடு ஆயிற்று. இரண்டையும் தலைகீழாக ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், ஒன்றின் வாய் மற்றதன் காதுக்கு வருகிற மாதிரி. நம் அறையில் இருந்து வெளிநாட்டுக்குப் பேச வசதி கிடையாது. நல்லம்பள்ளியில் ஒரு மருமகளின் இரண்டு கைதான் அன்றைக்கு எங்கள் சர்வதேச எக்ஸ்சேஞ்ச்.

ஏங்க, போலீஸ்ல இருந்து உங்களைக் கேக்கறாங்க என்று செல்வி சொல்வது கேட்டது. பிறகு குமரேசனின் குரல் அடிக்கிணற்றில் இருந்து வந்தது.

"மேடம், அந்த நெய்யில பாதி நான்தான் சாப்ட்டனுங்க. கம்ப்ளெயின்ட் வரைக்கும் போவாங்கன்னு நெனைக்கலீங்க."

பக்கத்தில் செல்வி, நான் குடுத்துவிட்ட நெய் உங்களுக்குப் பத்தலையா என்று ஆரம்பித்தாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அந்த வழக்கை உட்கார்ந்து கேட்டிருப்பேன். நெய்யை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஜாபர் ரூமில் மயங்கிக் கிடக்கிறார், ரூம் தெரியுமா என்றேன். தெரியாமலா? கீழே சலூன், பக்கத்தில் ரொட்டிக் கடை, லிப்ட் வேலை செய்யாது, மூன்றாவது மாடி, கதவில் காளை மாட்டு ஸ்டிக்கர் என்று வரிசையாக ஒப்பித்தான். அந்த மூன்று மாடியும் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியவனுக்கு எப்படி மறக்கும்?

முதலில் ஆம்புலன்சைக் கூப்பிடு, பிறகு ஓடு என்றேன். அங்கே ஆம்புலன்ஸ் எண் 998 என்றேன். 998 என்று திருப்பிச் சொன்னான். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், சொன்னான். செல்வி அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். அழுதாலும் செல்லை மட்டும் விலக்காதே அம்மா என்றேன்.

அதற்குப் பிறகு என் இரண்டு காதிலும் இரண்டு ஊர். ஒரு காதில் காரிமங்கலம், இன்னொரு காதில் நல்லம்பள்ளி. குமரேசன் ஓடுகிறான் என்று நல்லம்பள்ளி சொன்னது. ஃபேன் சுற்றுகிறது என்று காரிமங்கலம் சொன்னது. தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், நிறுத்தக் கூடாது என்று பாயிடம் சொல்லியிருந்தேன். மும்தாஜ் ஜாபரு, ஜாபரு என்று கூப்பிடுவது விடாமல் கேட்டது. நடுவில் அவனைத் திட்டவும் செய்தாள். வாயுவாம் வாயு, உனக்கு யாருடா டாக்டர் பட்டம் குடுத்தாங்க என்றாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு பாய் சொன்னார், தட்டுகிற சத்தம் கேட்கிறது மேடம். அதே நேரம் நல்லம்பள்ளி சொன்னது, கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறதாம். குமரேசன் தட்டுவது அஜ்மானில் இருந்து காரிமங்கலம் வந்து, அங்கிருந்து தருமபுரிக்கு வந்து, என் காதில் விழுந்தது. அவன் உதைத்துப் பார்த்தான், கால்தான் வலித்தது. தடித்த கதவு. ஆம்புலன்ஸ் வந்தாலும் ஸ்ட்ரெச்சரை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியேதானே நிற்கும்? அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இவ்வளவும் செய்து, ஒரு தாழ்ப்பாளில் வந்து நிற்கிறோமே என்று இருந்தது.

"மேடம், வண்டி வந்துருச்சாமுங்க" என்றாள் செல்வி. "ஆனா அது தீயணைப்பு வண்டியாட்டம் இருக்குதாம்."

தீ எங்கே பிடித்தது என்று கேட்டேன். எங்கேயும் பிடிக்கவில்லை. விஷயம் இதுதான். குமரேசன் அஜ்மானுக்குப் போனது சமீபத்தில்தான். அதற்கு முன் வருஷக் கணக்காகச் சவூதியில் லாரி ஓட்டியவன். சவூதியில் ஆம்புலன்சுக்கு 997, தீயணைப்புக்கு 998. அமீரகத்தில் அதை அப்படியே மாற்றி வைத்திருக்கிறார்கள், ஆம்புலன்சுக்கு 998, தீயணைப்புக்கு 997. எந்தப் புண்ணியவான் வேலையோ. குமரேசன் வாயால் எனக்கு இரண்டு முறை 998 என்று சொன்னான். எங்களை ஹோல்டில் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே, எடுத்தவர் யார் என்றுகூடக் கேட்காமல் இடத்தை மட்டும் கத்திச் சொன்னபோது, அவன் விரல் அடித்திருந்தது 997. அந்த விரல் இன்னும் சவூதியிலேயே இருந்திருக்கிறது.

மூன்றாவது மாடிக்கு ஏறிவந்தவர்கள் கையில் கம்பி, கோடரி எல்லாம் இருந்தது. கதவை உடைப்பதுதான் அவர்கள் தொழிலில் பாதி. நான் செல்வியிடம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கதவு போய்விட்டது. ஆம்புலன்சை அவர்களே தங்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பக்கம் காரிமங்கலத்துக்குக் காதைத் திருப்பினேன். பாய், பாய் என்று நான் கூப்பிட்டேன். அந்த மனிதர் முதல்முறையாக அதாவதுங்க இல்லாமல் பேசினார்.

"ஃபேனு மறைஞ்சிருச்சு மேடம். ஹெல்மெட் போட்ட ஒருத்தரு குனிஞ்சு பாக்கறாரு."

அந்த ஹெல்மெட்காரர் எந்த நாட்டவரோ, மும்தாஜ் அவரிடம் தமிழில் பேசினாள். தம்பிங்க, எனக்கு அவன் ஒருத்தன்தாங்க என்றாள். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் செல்லைக் கையில் எடுத்து ஜாபரின் பக்கம் திருப்பிக் காட்டினாராம். முகத்தில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள், கண் பாதி திறந்திருந்தது. அப்போதுதான் மும்தாஜ் அந்த அழைப்பைத் துண்டித்தாள்.

இதயத்தில் அடைப்பு, நேரத்தோடு வந்தீர்கள், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கே மருத்துவமனையில் சொன்னார்களாம். இன்ஸ்பெக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தவறான எண் அடித்தால்தான் சரியாக வரும் போலிருக்கிறதே என்றார். அப்படியொரு பாடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு விடாதீர்கள். அன்றைக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது, அதனால் தப்பு சரியாயிற்று. கதவு திறந்திருந்தால் அதே தப்பு நம் கழுத்தைப் பிடித்திருக்கும். பதற்றத்தில் எண்ணை அடிப்பது மூளை இல்லை, பழகின கை என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம். அதனால் அன்றிலிருந்து எண்ணைச் சொல்லி அனுப்பியதோடு நிற்கமாட்டேன். யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று திருப்பிக் கேட்டுவிடுவேன். இன்னொன்று, உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால், இன்றைக்கே அவர்கள் கட்டிடத்தின் விலாசத்தையும், கூட இருப்பவர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். நேற்றைய குழம்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சில மாதம் கழித்து ஜாபர் லீவில் வந்தான். மும்தாஜும் பாயும் அவனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். குமரேசனும் அப்போது ஊரில் இருந்ததால் செல்வியோடு வந்திருந்தான். ஆள் ஆறடி இருப்பான், என் எதிரில் நெய் திருடிய பிள்ளைபோல நின்றான். மும்தாஜ் அவன் கையில் ஒரு முழு டப்பா நெய்யைக் கொடுத்தாள். ஜாபருக்கு டாக்டர் நெய் கூடாது என்றுவிட்டாராம். இனி வருகிற நெய்யெல்லாம் குமரேசனுக்கு, ஊறுகாய் மட்டும் ஜாபருக்கு, அதுவும் தொட்டுக்கொள்ளத்தான் என்று அங்கேயே தீர்ப்பு ஆயிற்று. பாய் அந்த நாளின் கதையை, அதாவதுங்க மேடம் என்று எனக்கே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இந்தமுறை நான் குறுக்கே பேசவில்லை. முழுசாகக் கேட்டேன்.

ஜாபர் திரும்பிப் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, டீ நேரத்தில், வெளிநாட்டு எண்ணில் இருந்து என் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது. என் விதிதான் உங்களுக்குத் தெரியுமே. பதறிக்கொண்டு திருப்பிக் கூப்பிட்டேன். ஜாபர் சிரித்தான்.

"திருப்பிக் கூப்புடாதீங்கக்கா. நான் இருக்கறேன்னு சொல்றதுக்குத்தான் அடிச்சேன். மும்தாஜக்காவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

நான் சொன்ன விலக்கு இதுதான். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் வீட்டுக்காரர் கேலி செய்வார், பெற்ற பிள்ளை பேசாவிட்டால்கூட நீ இப்படித் தவிப்பதில்லை என்று. உண்மைதான், நான் மறுப்பதில்லை.

இதை எழுதி முடிக்கிற இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. டீ போட்டு வைத்துவிட்டு, செல்லைப் பக்கத்தில் மல்லாத்தி வைத்திருக்கிறேன். மேலே ஃபேன் சுற்றுகிறது. இதோ அடிக்கிறது, ஒரே ஒரு மணி. நின்றுவிட்டது.

நான் டீயை எடுத்துக்கொள்கிறேன்.